வேகமும் வேக்காடும்

மின்சார ஸ்கூட்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. பதவியின் முழுப்பெயர் விசிட்டிங் கார்டில் இரண்டு வரிக்கு வரும்; யாரும் அதைப் படித்து முடித்ததில்லை. வண்டியில் எது சூடானாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் வாசலில் நிற்கும் காவலர் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் சூட்டுக்காரர். புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி அதை அவருடைய சொந்தப் பெயர் என்றே நம்பி, 'மதிப்பிற்குரிய திரு. சூட்டுக்காரர் அவர்களுக்கு' என்று மின்னஞ்சல் எழுதினாள். அவரும் மரியாதையாகப் பதில் போட்டார்.

ஆள் என்னவோ பச்சைத்தண்ணீர். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் அதிகமானால் மறுபடியும் துடைப்பார். அவ்வளவுதான் அவருடைய கொந்தளிப்பு.

புகை இல்லை, சத்தம் இல்லை, ஆகவே மின்சார வண்டிக்குச் சூடும் இல்லை என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி இருந்திருந்தால் சூட்டுக்காரர் வேறு ஏதாவது பிழைப்பு பார்க்கப் போயிருப்பார். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை மோட்டாருக்குத் தோதாக வெட்டி வெட்டி அனுப்ப ஒரு பெட்டி இருக்கிறது. கன்ட்ரோலர் என்பார்கள். அதற்குள் இருக்கும் குட்டிச் சில்லுகள் கண் சிமிட்டும் நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு தடவையும் ஒரு துளி சூடு சிந்துகிறது. வண்டி மேடு ஏறும்போது மோட்டாருக்குள் இருக்கும் செப்புக் கம்பிச் சுருளும் கூடச் சேர்ந்து காய்கிறது. இந்தச் சூட்டை வெளியே அனுப்பாவிட்டால் சில்லு கருகும், கம்பியின் மேல்பூச்சு உரியும், காந்தம் சோர்ந்துபோகும். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையை வாசல்வரை தள்ளிக்கொண்டு போகும் தாயைப்போல, சூட்டைத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுபோய் விடுவதுதான் அவர் உத்தியோகம்.

கம்பெனியின் புது வண்டிக்கு அவர் ஒரு கன்ட்ரோலர் பெட்டி செய்திருந்தார். அலுமினியத்தில் வார்த்தது. அதன் முதுகில் மீனின் செவுள் மாதிரி மெல்லிய தகடுகள் வரிசையாக நின்றன. வண்டி ஓடும்போது காற்று அந்த இடுக்குகளில் புகுந்து சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். சோதனைக்கூடத்தில் பார்த்தபோது பெட்டி சாதுவாக நடந்துகொண்டது. சூட்டுக்காரர் அன்றைக்கு இரண்டு டம்ளர் டீ குடித்தார்.

அதன்பிறகு வழுவழு வந்தான்.

வழுவழு என்பது வண்டியின் வெளித்தோற்றத்தை வரைகிறவன். வயதில் சின்னவன், பதவியில் பெரியவன். எதைக் காட்டினாலும் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வழுவழுன்னு இருக்கலாம்" என்பான். டீ டம்ளரைப் பற்றிக்கூட ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறான். பெயர் ஒட்டிக்கொண்டது.

முதலாளியின் ஆலோசனை அறையில் கூட்டம். அந்த அறையில் ஏ.சி. எப்போதும் உச்சத்தில் இருக்கும். முதலாளி கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏ.சி.யைக் குறைக்கலாமே என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியவர்கள் இப்போது அங்கே வேலையில் இல்லை. மேசையின் நடுவில் புது வண்டியின் மாதிரி நின்றது. வழுவழு அதன் பக்கவாட்டைச் சுட்டிக் காட்டினான்.

"இங்க என்ன சார் இது, அடுப்பங்கரை ஜன்னல் மாதிரி?"

"காத்து போறதுக்கு" என்றார் சூட்டுக்காரர்.

"காத்து எதுக்குப் போகணும்?"

"சூடு வெளிய வரதுக்கு."

"சூட்டை முதல்ல ஏன் சார் உள்ள விட்டீங்க?"

முதலாளி கம்பளிக்குள்ளிருந்து தலையாட்டினார். "அதானே. நியாயமான கேள்வி."

சூட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பொறுமையாக எல்லாம் சொன்னார். சில்லு, செப்புக்கம்பி, காந்தம் எல்லாம் வந்துபோயின. குளிரில் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சூடு ஒரு பிரச்சினை என்று புரியவைப்பது சுலபமாக இல்லை. கடைசியில் தகடுகளின் மேல் வழுவழுப்பான மூடி ஒன்று வருவது என்று முடிவாயிற்று. ஒரு ஓரத்தில், தரையைப் பார்த்தபடி, விரல் நுழையும் அளவுக்கு ஒரு இடுக்கு மட்டும் விட வழுவழு பெருந்தன்மையோடு சம்மதித்தான்.

"அப்ப மேட்டுல ஏறும்போது வண்டி காயும் சார்" என்றார் சூட்டுக்காரர். "கருகாம இருக்கணும்னா, சூடு ஏற ஏற வண்டி தானா வேகத்தைக் குறைச்சுக்கற மாதிரி கணினி நிரல்ல எழுதிடலாம். ஆனா அது ஆபத்துக்கு வெச்சிருக்கற..."

"பிரமாதம்!" என்றார் முதலாளி. மீதி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை.

விளம்பரப் பிரிவின் தலைவி மட்டும் ஒரு திருத்தம் சொன்னார். "குறைச்சுக்கும்னு எங்கயும் வரக் கூடாது. நிதானம்னு போடுவோம். வண்டிக்கே நிதானம் தெரியும்."

தீயணைப்பு வாளிக்கு ரிப்பன் கட்டி வரவேற்பறையில் வைத்த கதையாயிற்று.

புது வண்டியை வெளியிட ஊருக்கு வெளியே இருந்த மலைச்சாலையைத் தேர்ந்தெடுத்தது முதலாளியேதான். படம் நன்றாக வரும் என்றார். சூட்டுக்காரர் மேட்டைப் பார்த்தார், உச்சிவெயிலைப் பார்த்தார், பின்சீட்டில் ஏறிக்கொண்ட வழுவழுவின் உடம்பைப் பார்த்தார். மனக்கணக்கு போட்டார். விடையை வெளியே சொல்லவில்லை. முன்னால் முதலாளி ஓட்ட, பின்னால் பத்திரிகைக்காரர்களின் வேன் படம் பிடித்துக்கொண்டே வந்தது.

முதல் வளைவில் வண்டி பறந்தது. இரண்டாவது வளைவில் ஓடியது. அதற்கப்புறம் அதற்கு நிதானம் தெரிய ஆரம்பித்தது. முதலாளி கைப்பிடியைத் திருகத் திருக, வண்டி யோசித்து யோசித்து நகர்ந்தது. மேட்டில் பையோடு நடந்து போய்க்கொண்டிருந்த தபால்காரர் ஒருவர் அவர்களைச் சாவகாசமாகத் தாண்டினார். தாண்டியவர் மனசு கேட்காமல் நின்று திரும்பினார்.

"தள்ளி விடட்டுங்களா?"

வேனிலிருந்து அத்தனை கேமராவும் அதைப் பிடித்தன.

இரவுக்குள் ஊர் முழுக்க அந்தக் காட்சி கைபேசிகளில் சுற்றியது. மறுநாள் சூட்டுக்காரர் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். வேலை போவது நிச்சயம். போனதும் என்ன செய்வது என்பதுதான் நிச்சயமில்லை. அப்போது விளம்பரத் தலைவியின் அறையில் தொலைபேசி அடித்தது. யாரோ ஒரு அப்பா.

"என் பையன் இந்த வருஷம் காலேஜ் போறான் மேடம். உங்க வண்டில வேகமா போகவே முடியாதுன்னு பேசிக்கறாங்களே, நிஜமா?"

தலைவி ஒரு நொடி தயங்கினார். அவ்வளவுதான் தயங்கினார். "சத்தியமா முடியாது சார்."

"நல்லதா போச்சு. எனக்கு ஒண்ணு எழுதிக்குங்க. என் தங்கச்சி மகளுக்கும் ஒண்ணு."

அடுத்து ஒரு அம்மா. அதற்கடுத்து ஒரு மாமா. மகன், மகள், மருமகன் என்று யாரையாவது நினைத்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வரிசையில் வந்தார்கள். வண்டி சுடச்சுட விற்றது. முதலாளி தபால்காரரைக் கூப்பிட்டு விளம்பரத்தில் நடிக்க வைத்தார். சூட்டுக்காரரை நிதானப் பிரிவின் தலைவர் ஆக்கினார். தனி அறை கொடுத்தார்கள். அதன் ஜன்னல் பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திறந்தது.

சூடு சொரணை உள்ளவர் அன்றே அந்தப் பதவியை வேண்டாம் என்றிருப்பார். சூட்டுக்காரரிடம் சூடு இருந்தது; சொரணை கொஞ்ச நாள் விடுப்பில் போயிருந்தது. தெரு முனையில் பழைய வகுப்புத்தோழன் ஒருவனைப் பார்த்தபோது, அவராகவே புது விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலம் வந்தது. அதோடு புகார்களும் வந்தன.

"வண்டிக்கு என்ன ஆச்சு? என் பொண்ணு அதுல பறக்கறா!" என்று தொலைபேசியில் ஒரு அப்பா கத்தினார். வெளியே குளிர்ந்த காற்று. எவ்வளவு ஓட்டினாலும் கன்ட்ரோலர் காயவில்லை. காயாததால் வண்டிக்கு நிதானம் வரவில்லை. அது ஒழுங்காக ஓடிற்று. ஏமாந்துவிட்டோம் என்று பெற்றோர்கள் கொதித்தார்கள்.

மறுபடியும் ஆலோசனை அறை, மறுபடியும் கம்பளிச் சட்டை. நிரல் எழுதும் பெண் எழுந்து, "வேகத்துக்கு ஒரு உச்ச வரம்பு போட்டா முடிஞ்சது சார், மத்தியானத்துக்குள்ள செஞ்சிடறேன்" என்றாள்.

முதலாளி பதறினார். "வேகத்தை மாத்தினா அது வேற வண்டிம்மா. அரசாங்கத்துல புதுசா அனுமதி வாங்கணும். சூடு அப்படி இல்ல, சூடு இயற்கை. இயற்கைக்கு எவன்கிட்ட அனுமதி கேக்கணும்?" சூட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "என்னய்யா, குளிர்லயும் அது கொஞ்சம் காயற மாதிரி ஏதாவது பண்ணேன். உனக்குத் தெரியாத சூடா?"

வாழ்நாள் முழுக்கச் சூட்டை வெளியே துரத்தியவரிடம், அதை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கச் சொன்னார்கள். இதில் வேதனை என்னவென்றால், அந்த வேலையையும் அவர் நன்றாகச் செய்தார். அரைகுறையாகச் செய்ய அவருக்குத் தெரியாது. மூடியின் ஓரத்தில் விட்டிருந்த ஒரே இடுக்கை அடைக்க, கச்சிதமாக ஒரு நுரைப்பட்டை வடிவமைத்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது தடுத்துவிடும். 'காற்றுக் காப்பு' என்று விளம்பரத் தலைவி பெயர் வைத்தார். சர்வீசுக்கு வந்த வண்டிகளுக்கெல்லாம் இலவசமாகப் பொருத்தினார்கள். பெற்றோர்கள் அமைதியானார்கள்.

சூட்டுக்காரரின் மனைவியிடமும் அந்த வண்டி ஒன்று இருந்தது. அவர் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போக ரயில் பாதையின் மேல் செல்லும் பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். அதுவரை அந்த மேட்டில் வண்டி கொஞ்சம் முனகுமே தவிர நின்றதில்லை. சர்வீசுக்குப் போய் வந்ததும், குளிர் விலகி வெயில் ஏறத் தொடங்கியதும் ஒன்றாக நடந்தன. வேலைக்குப் போகிற கூட்டம் பாலத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், உச்சிக்குச் சற்று முன்னால், மனைவியின் வண்டி ஊர்ந்தது. பின்னால் இருந்த பஸ், லாரி, கார் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. ஒரு பஸ் டிரைவர் தலையை நீட்டி, "அக்கா, இறங்கித் தள்ளுங்க, அது சீக்கிரம் போகும்" என்று யோசனை சொன்னார். அவர் இறங்கித் தள்ளினார். அதுதான் சீக்கிரம் போயிற்று.

மாலையில் வேலை முடிந்து சூட்டுக்காரர் வீட்டுக்கு வந்தபோது, மனைவி வண்டியின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவரும் வந்திருந்தார், சீருடையைக்கூட மாற்றவில்லை. புறங்கையை வழுவழு மூடியின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இதுக்குக் காய்ச்சல்."

"எங்க நின்னுச்சு?"

"பாலத்துல. நான் போய்ச் சேரதுக்குள்ள ரெண்டு குழந்தை பொறந்துடுச்சு. பெரிய டாக்டரம்மா கேக்கறாங்க, பிள்ளைங்களே நேரத்துக்கு வருது, உனக்கு என்ன கேடுன்னு."

மனைவி மூடியின் ஓரத்தைத் தடவினார். நுரைப்பட்டை விரலில் தட்டுப்பட்டது. கிள்ளிப் பார்த்தார்.

"காய்ச்சல்காரிய இழுத்துப் போர்த்தி, மூச்சு விட இருந்த ஓட்டையிலயும் பஞ்சை வெச்சு அடைச்சிருக்கே, எந்த அறிவாளி செஞ்சது இது?"

சூட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"நான்தான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மனைவி திட்டவில்லை. வார்டில் முதல் பிரசவத்துக்கு வந்து அலறும் பெண்ணைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். இரக்கமும் அவசரமும் கலந்த பார்வை.

"கழட்டுங்க."

"வாரண்டி போயிடும்மா."

"போகட்டும். காலைல நான் போகணும்."

சூட்டுக்காரர் திருப்புளியை எடுத்துவந்து குந்தி உட்கார்ந்தார். மூடி கையோடு வந்தது. உள்ளே அவருடைய அலுமினியத் தகடுகள் தூசி படிந்து, மூச்சு முட்டி நின்றன. மனைவி வேறெதுவும் பேசாமல் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தார். செய்து முடித்த நாளில் அவற்றைக் கடைசியாகப் பார்த்தது. எத்தனை அழகாகத்தான் வார்த்திருந்தோம் என்று தோன்றியது. முகம் போன போக்கை மனைவி பார்த்துவிடக் கூடாதென்று திரும்பிக்கொண்டு தும்மினார்.

காலையில் வண்டி பாலத்தில் மூச்சுவிடாமல் ஏறியது என்று சொல்லலாம். மூச்சு விட்டதால்தான் ஏறியது என்பதே சரி. அந்த பஸ் டிரைவர் பின்னால் தங்கிப்போனார்.

வார்டில் வேலை செய்யும் மற்ற நர்ஸ்களிடமும் அதே வண்டிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சூட்டுக்காரர் மருத்துவமனையின் வண்டி நிறுத்தும் இடத்தில் திருப்புளியோடு உட்கார வேண்டியதாயிற்று. "அக்கா வீட்டுக்காரர் ஆபரேஷன் பண்றாரு" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி அனுப்பினார்கள். நர்ஸ்கள் சொல்லி நோயாளிகளுக்குத் தெரிந்தது. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். அப்பா வாங்கிக் கொடுத்த வண்டியில் ஊர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்குச் செய்தி எட்டியபோது, சொல்லவே வேண்டாம். கொஞ்ச நாளில் ஊரில் பாதி வண்டிகள் விலா எலும்பு தெரிய ஓடின. கழற்றிப் போட்ட மூடிகள் வீணாகவில்லை. சற்றே குழிந்த, வழுவழுப்பான சாமான் அல்லவா? நாய்க்குத் தண்ணீர் வைத்தார்கள். மாடியில் செடி நட்டார்கள். ஒரு சலவைக்கடையில் மூடியைத் தலைகீழாக வைத்துக் கிளிப்புகளைப் போட்டு வைத்திருந்ததை வழுவழுவே தன் கண்ணால் பார்த்தான். அன்று அவன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஆலோசனை அறை. திரையில் ஊர்த் தெருவின் படம். மூடியில்லாத வண்டிகள் வரிசையாக நின்றன. முதலாளி மேசையைத் தட்டினார்.

"எவன் ஆரம்பிச்சு வெச்சான் இதை?"

சூட்டுக்காரர் எழுந்தார். ஏனோ அன்று அவருக்குக் குளிரவில்லை.

"என் வீட்டுக்காரம்மா வண்டிதான் சார் முதல்ல. கழட்டினது நான். பட்டை வெச்சு அடைச்சதும் நான்தான். ரெண்டாவதுதான் தப்பு, முதலாவது இல்ல."

முதலாளி வாயைத் திறந்தார். ஆனால் பேசியது வழுவழு. அவன் திரைக்கு மிக அருகில் போய் நின்று, படத்தில் தெரிந்த தகடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"இதை யார் சார் வரைஞ்சது?"

"யாரும் வரையல. காத்து போகணுமேன்னு செஞ்சது."

"என்ன நேர்மை! எதையும் மறைக்கல. எலும்பு தெரியுது." அவன் கண்கள் கலங்கியிருந்தன. "இத்தனை நாளா இது உள்ளேயா இருந்துச்சு? எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

சூட்டுக்காரர் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். அதில் பயனில்லை என்று அவருக்குப் பட்டது.

விளம்பரத் தலைவி ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தார். "எலும்புப் பதிப்பு. மூடி இல்லாததுக்குத் தனி விலை."

"கூடவா, குறைச்சலா?" என்று கேட்டார் முதலாளி.

"கூடத்தான் சார். நேர்மைக்கு என்ன குறைச்சல்?"

அப்படியே விற்றார்கள். பெற்றோர்களுக்காகக் கைப்பிடி அருகே 'நிதானம்' என்று ஒரு பொத்தான் வைத்து, நிரல் எழுதும் பெண் முன்பே சொன்ன உச்ச வரம்பை அதற்குள் போட்டார்கள். மலைபோலப் பயந்த அரசாங்க அனுமதி, முதலாளி காத்திருப்பு அறையில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கிடைத்துவிட்டது. வழுவழுவுக்கு வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றில் பரிசு கொடுத்தார்கள். கடற்கரையில் நடந்தபோது ஒரு மீனின் எலும்புக்கூட்டைப் பார்த்ததாகவும், அந்தக் கணத்தில் எல்லாம் தோன்றியதாகவும் மேடையில் சொன்னான். சூட்டுக்காரர் அதை அலுவலகத் தொலைக்காட்சியில் எல்லாரோடும் சேர்ந்து பார்த்தார், கைதட்டவும் செய்தார். கொஞ்சம் வயிறு எரிந்தது. ஆனால் தகடுகளுக்குக் காற்று வருகிறது, பாலத்தில் மனைவி நிற்பதில்லை. எரிந்தது தணிய அது போதுமானதாக இருந்தது.

அவரை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. மூடி இல்லாத வண்டிக்கும் சூட்டுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. ஆனால் ஆள் மாறிவிட்டார். அடுத்த வண்டிக்கு வரைபடம் கொடுத்தபோது, தகடுகளைத் தேவைக்கு இரண்டு மடங்கு நீளமாக வரைந்து கொடுத்தார். வழுவழு பார்த்துவிட்டுப் பாதியாக வெட்டச் சொன்னான். "ஐயோ, என் கழுத்தையே வெட்டறீங்களே" என்று சூட்டுக்காரர் மன்றாடினார். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் விட்டுக்கொடுத்தார். பாதிதான் அவருக்கு வேண்டியிருந்தது. வழுவழுவுக்கு வென்ற திருப்தி.

போன மாதக் கூட்டத்தில் வழுவழு, பல நாளாக டீ நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தபடியே, மோட்டாருக்கு அழகாக ஒரு தோல் உறை தைத்துப் போட்டால் எப்படியிருக்கும் என்று கேட்டான். பழைய சூட்டுக்காரராக இருந்தால் செப்புக்கம்பியைப் பற்றி வகுப்பு எடுத்திருப்பார். இவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"தோல் மட்டும் போதுமா? உள்ளே ஒரு கம்பளி, அதுக்கு மேல வெல்வெட்டு, அப்புறம் தோல். ஓரத்துல குஞ்சம் தொங்கட்டும். பக்கத்துக்கு ஒரு கண்ணாடி பதிக்கலாம். நானே துணி பாத்து வெச்சிருக்கேன் சார், காட்டட்டுமா?"

பைக்குள் கையை விட்டு நிஜமாகவே ஒரு சிவப்புத் துணியை உருவினார். முதலாளி அந்தத் துணியைப் பார்த்தார். வழுவழுவைப் பார்த்தார்.

"மோட்டாரை யாரும் தொடக் கூடாது" என்றார் முதலாளி. "அது அப்படியே இருக்கட்டும். என்னய்யா இது, கல்யாணப் பொண்ணா அலங்காரம் பண்ண?"

சூட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு துணியை மடித்து உள்ளே வைத்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, மனம் வருந்துகிற ஆளைத் தேற்ற வேண்டுமே என்று வழுவழு அவர் தோளில் கைபோட்டான்.

"விடுங்க சார். இவங்களுக்கெல்லாம் ரசனை கிடையாது."

"என்ன பண்றது" என்று பெருமூச்சு விட்டார் சூட்டுக்காரர். இருவரும் சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள்.